இரண்டு முறை மட்டுமே வாசிக்கப்படும்

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
சுவருக்கு அப்பால் யாரோ மிக்ஸி போடுகிறார்கள்:
பஞ்சமத்தில் தொடங்கி
தேங்காய் அரைபட அரைபட அரைச்சுரம் ஏறுகிறது.
ஒரு மாதமாக எனக்கு இப்படித்தான்,
வெறும் சத்தம் என்று எதுவுமே மிச்சமில்லை.
லிஃப்ட் மணி மேலே க, பிறகு ச.
கடற்கரை ரயிலின் ஹோர்னில் இரண்டு சுரம்,
இடையில் பிரதி மத்திமத்தின் தூரம்.
இரவு வண்டி போகையில் படுத்தபடி
அதைப் பாடிப் பார்ப்பேன்.
ருமைஸா தலையணையால் எறிவாள்.

அவள் கணக்கியல் படிக்கிறாள். சுரம் தெரியாது.
ஆனாலும் போனில் பியானோவைத் திறந்து
என்னைக் கண்மூடச் சொல்லி
இரண்டு கட்டைகளை அழுத்துவாள்.
"ச, த."
"பிழை."
"உனக்கு எப்படித் தெரியும்?"
"சரியென்றால் நீ மூக்கைச் சுருக்கமாட்டாய்."

பார்த்துப் பாடுவது வேறு வகைப் பயம்.
ஐந்து கோடுகளில் ஒரு கறுத்த புள்ளி
ஏறி நிற்கிறது, இன்னும் ஒலிக்காமல்.
ஒலிக்கும் முன்பே தொண்டைக்குள்
அதன் இடம் தயாராக வேண்டும்,
கரண்ட் போன இரவில் படியிறங்கும் கால்
அடுத்த படி இருக்கிறதென்று நம்புவது போல.
சிலவேளை இருக்காது.

சனிக்கிழமை பரீட்சை, கறுவாத்தோட்டத்தில்.
ஏசி பழுது. யன்னல்களைத் திறந்து விட்டிருந்தார்கள்.
கேட்டு எழுத நான்கு பார்.
முதல் முறை தாளத்தைப் பிடித்தேன்.
இரண்டாம் முறை பாதியில்
பாண்காரனின் த்ரீவீல் தெருவுக்குள் வந்தது.
பற்றரி இறங்கிய ஸ்பீக்கர்,
தினமும் கேட்கும் அதே மணிமெட்டு
கால் சுரம் சரிந்து,
முனை திரும்பியபோது இன்னும் கொஞ்சம் சரிந்து.
பியானோ எப்போதோ நின்றுவிட்டது.
என் பென்சில் நிற்கவில்லை.

தாளைக் கொடுக்கும்போதுதான் கண்டேன்:
மூன்றாம் பாரிலிருந்து நான் எழுதியிருந்தது பாண்.
ஒவ்வொரு சுரமும் சரி.
அந்தச் சரிவுக்குக் குறி தெரியாமல்
புள்ளிகளின் தலையில் சின்னச் சின்ன அம்புகள்,
கீழ்நோக்கி.

பன்னிரண்டுக்கு ஐந்து.
ருமைஸா கூட்டிக் கழித்துப் பார்த்து
மற்றப் பகுதிகளால் பாஸ் வரும் என்றாள்.
பிறகு கீழே போய்
இரண்டு மாலுபாண் வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள்.
படிகளில் அவள் செருப்பு.
இடது, வலதைவிடக் கொஞ்சம் இறக்கம்.
நான் சொல்லவில்லை.