ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டிருப்பவர்

பதினான்கு நாள் எரிவாயு வயலில்,
பதினான்கு நாள் வீட்டில்:
பன்னிரண்டு வருடம் இதுதான் எங்கள் கல்யாணம்.
மார்ச்சில், கிணறு வற்றிவிட்டதென்று
ஒரு காகிதமும்
இரண்டு ஜோடி கம்பெனி காலுறையும் கொடுத்து
யெர்கோவை முழுசாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முழுசாக ஒரு மனிதரை எங்கே வைப்பது?
சோபாவில் அவர் பக்கம்
துணி மடிக்கும் இடமாகி ரொம்ப நாளாயிற்று.
உப்பு எந்த டப்பாவில் என்று அவருக்குத் தெரியாது.
மிலென்காவின் கணக்கு டீச்சர் பெயர் தெரியாது.
நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை
எடுத்து மறுபடி கழுவுகிறார்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
அந்த ஒன்றும் சொல்லாததுதான்
ஜூன் மாதத்துக்குள்
வீட்டின் நான்காவது ஆளாக வளர்ந்துவிட்டது,
தனித் தட்டு வைக்காத குறை.

பள்ளிக்கூடத்தில்தான் சொன்னார்கள்:
பிள்ளை நகத்தைக் கடித்து ரத்தம் வருகிறது,
குடும்பமாக யாரிடமாவது பேசுங்கள்.
போர்வெனீரில் அப்படி யாரும் இல்லை.
நீரிணையைத் தாண்டினால் ஒருவர் உண்டு,
அதுவும் படகு ஓடினால்.
அதனால் வியாழன்தோறும் ஆறு மணிக்கு
மாவு டப்பாவில் சாய்த்துவைத்த மடிக்கணினியில்
வல்திவியாவிலிருந்து ஓரியெத்தா வருவார்.
அவர் முதுகுக்குப் பின்னால் எப்போதும் மழை.
எங்கள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் காற்று.

மூன்று வியாழனில் யெர்கோ பேசியது ஏழு வார்த்தை.
அதில் நான்கு, ஆமாம்.

நான்காவது வியாழன்:
"யெர்கோ, இந்த வீட்டில் உங்கள் இடம் எ…"
உறைந்துபோனார் ஓரியெத்தா,
வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி.
யெர்கோ எழுந்தார்.
எனக்குப் பகீரென்றது. அவ்வளவுதான், போய்விட்டார்.
வெளிக்கதவு.
ஏணி.
தலைக்குமேல் தகரத்தில் பூட்ஸ்.
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"வந்துச்சா?"

வந்தது.
கையை எடுத்தால் போனது.
பிடித்தால் வந்தது.
தொண்ணூறு கிலோமீட்டர் வேகக் காற்றில்
ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு என் கணவர்.
கீழே அவருக்கென்று காசு கட்டிய நாற்காலி காலி.

"பரவாயில்லை, அங்கேயே இருக்கட்டும்,"
என்றார் ஓரியெத்தா.

மிலென்கா ஜன்னலைத் திறந்து
பாதி உடம்பை வெளியே விட்டாள்.
"அப்பா! உன் இடம் எதுன்னு கேக்கறாங்க!"
"என்ன?"
"இடம்! வீட்டுல! உன் இடம்!"

காற்று.

பிறகு அவர் கத்தியது
அவள் வாய்வழியாக உள்ளே வந்தது,
பதினோரு வயதுக் குரலில்:
"தெரியலையாம்.
ராத்திரி குளிர்பெட்டியைத் திறக்கக்கூட
பர்மிஷன் கேக்கணும்போல இருக்காம்.
பாத்திரம்…"
மறுபடி தலையை நீட்டிக் கேட்டுவந்தாள்.
"பாத்திரம் அழுக்குன்னு கழுவலையாம்.
கழுவுற தொட்டி ஒண்ணுதான்
எங்கே இருக்குன்னு தெரியுமாம்."

நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா
என்று ஓரியெத்தா என்னைக் கேட்டார்.
எவ்வளவோ இருந்தது, பன்னிரண்டு வருடம் இருந்தது.
"உப்பு," என்றேன்,
"நீல நிறக் காபி டப்பாவில் இருக்கிறதென்று சொல்."
தெருவே கேட்கக் கத்தினாள் என் மகள்.
எதிர்வீட்டு நாய் குரைத்தது.
கூரையில் அவர் சிரித்தாரா, இருமினாரா,
இன்றுவரை தெரியாது.

கடைசியாக அவர் நீளமாக ஏதோ சொன்னார்.
மிலென்கா அசையாமல் கேட்டாள்.
ஜன்னலை மூடினாள்.
"என்ன சொன்னார்?"
"அது எனக்குச் சொன்னது," என்றாள்.
ஓரியெத்தாகூடக் கேட்கவில்லை.

இறங்கிவந்தபோது காது சிவந்து,
விரல்கள் மடங்க மறுத்தன.
மாதேக் குடுவையைக் கையில் கொடுத்து
விரல்களை ஒவ்வொன்றாக
நானே மடித்துவைத்தேன்.

மறுநாளே ஆன்டெனாவை இறுக்கிக் கட்ட
கம்பிச்சுருள் வாங்கிவந்தார்.
இப்போது வியாழன், ஐந்தே முக்கால்.
கம்பியைக் காணோம்.
மிலென்கா மும்முரமாகக் கணக்குப் போடுகிறாள்.
நானும் தேடவில்லை.
யெர்கோ வாசலில் நின்று
காதை மூடும் தொப்பியை மாட்டிக்கொள்கிறார்.