வலது மூலையில் ஒரு வரி

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்த நேரம்
ஆட்டோவில் என் மடியில் இருந்தது அது.
திருவாரூரில் வாங்கிய பழைய பெட்டி,
ஏழாயிரத்து ஐந்நூறு.
கடைப்பையன் முந்நூறு கூட வாங்கிக்கொண்டு
விண்டோஸ் போட்டுத் தந்தான்.
"ஒரிஜினல் மாதிரியேதான்க்கா."
மாதிரியே.

நான் கணக்கு எழுதுகிறவள்.
இரண்டு உரக்கடை, ஒரு அரவை மில்,
சிமெண்ட் விற்கும் ஜெயசீலன்:
அத்தனை பேர் ஜி.எஸ்.டி.யும் என் விரல் வழியேதான்.
நூறு ரூபாய் இடித்தாலும் கேட்பேன்,
"பில் எங்கே?"
கேட்கும்போதெல்லாம்
திரையின் வலது மூலையில்
சாம்பல் நிறத்தில் ஒரு வரி
என்னிடம் அதையே கேட்கும்.

வீட்டுக்காரர் இளவழுதி, மின்வாரியத்தில் லைன்மேன்.
எந்தக் கம்பி எங்கே போகிறதென்று தெரியாமல்
கம்பத்தை விட்டு இறங்கமாட்டார்.
மழை பெய்த ஒரு ஞாயிறு
பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டுவந்து
விண்டோஸுக்குப் பக்கத்தில் குடிவைத்தார்.
"காசும் இல்ல, திருட்டும் இல்ல.
உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணாலும் பாக்கலாம்."
"நீங்க பாத்தீங்களா?"
பதில் இல்லை.

பிறகு விதைநெல்லில் ஆரம்பித்தார்.
நிறுத்தச் சொன்னேன். இந்த ஊரில்
எதைப் பேசினாலும் நெல்லில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்.
பிரிண்டர் ஓடுமா, அதைச் சொல்லுங்க.

ஓடவில்லை.
மூன்று இரவு கறுப்புத் திரையில் அவர் தட்டத் தட்ட
அது ஒருமுறை இருமி
வெற்றுத் தாளைத் துப்பியது.
டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையோ
கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.
தமிழ் சதுரம் சதுரமாக உடையாமல் வந்தது.
நான்கு ஜி.பி.யில் மூச்சு வாங்காமல் நடந்தது.
இருபதாம் தேதி, கடைசி நாள், மாலை ஐந்தரைக்கு
"அணைக்க வேண்டாம், முப்பத்துநான்கு சதவீதம்" என்று
விண்டோஸ் என்னை உட்காரவைத்ததே,
அந்த வேலையை இது ஒருநாளும் செய்ததில்லை.

தினமும் காலையில் பெட்டி கேட்கும்:
எது? பத்து நொடி.
மூணாறு தலைப்பில் வெண்ணாறு
எந்த ஷட்டர் திறக்குமென்று முட்டிக்கொண்டு நிற்குமே,
அப்படி.
(நெல் வேண்டாமென்றவள்தான். தண்ணீர் வந்துவிட்டது.)

தை கடைசியில் மில்காரர் பாக்கியைத் தந்தார்.
யாரிடமும் சொல்லாமல் லைசென்ஸ் வாங்கினேன்.
இருபத்தைந்து எழுத்து,
ஐந்து ஐந்தாக வாய்விட்டுப் படித்து அடித்தேன்.
சாம்பல் வரி போனது.
என் பேரில் வந்த பில்லை அச்செடுத்து
கோப்பில் முதலாவதாக வைத்தேன்.

ராத்திரி அவர் மூலையைப் பார்த்தார்.
"எவ்வளவு?"
"பெட்டியை விட அதிகம்."
சிரித்தார். கோபிக்கவில்லை.
தன்னுடையதை அழிக்கவும் இல்லை.

பட்டியலில் எது முதலில் என்பதில்தான் இன்னும் தகராறு.
நான் ஏற்றினால் அவர் இறக்குகிறார்.
கையெல்லாம் மாவாக நான் அடுப்படியில் நிற்கிற காலைகளில்
பத்து நொடி தீர்ந்து
லினக்ஸ் தானே திறந்துகொள்கிறது.
கை துடைத்துக்கொண்டு வந்து
அதையே இருக்கவிடுகிறேன்.
பால், கேபிள், அவர் பெட்ரோல்,
வீட்டுக் கணக்கு அதில் இருக்கிறது.
அதற்கு யாரும் பில் கேட்பதில்லை.