பின்கால்கள்

விளக்கை என் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டு
பெங்களூரிலிருந்து வந்த பையன் கேட்கிறான்:
"அம்மா, அந்தப் பதினோரு நொடி
ஆமை ஏன் நின்றது?"

பெயர் நிதர்சன்.
சட்டையில் ஆமை, கைப்பேசி உறையில் ஆமை.
படம் வந்தபோது அவன் பிறக்கவில்லை.
படம் வந்ததே
கிருஷ்ணகிரியில் நாலு நாள்,
காவேரிப்பட்டணத்தில் இரண்டு.

'கல்லாமை' என்று போஸ்டர்.
கல்லால் ஆன ஆமை என்றுதான் டைரக்டர் வைத்தார்.
அது அறிவொளிக் காலம்.
தெருத்தெருவாய் சிலேட்டு, அரிக்கேன் விளக்கு,
முப்பது வயதுக்காரர்களுக்கு ஆனா ஆவன்னா.
இதுவும் சர்க்கார் படம் என்று சனங்கள் ஒதுங்கிப் போனார்கள்.
பர்கூரில் ஒரு தலைமையாசிரியர் மட்டும்
ஏழாம் வகுப்பை வரிசையாய்க் கூட்டிப் போனார்.
இடைவேளைக்கு முன்பே வந்துவிட்டார்கள்,
வரிசையில் அல்ல.

ஓடு, ஒகேனக்கல் பரிசல்.
லாரியில் வந்து இறங்கியபோது
மீன் வாசம் போகவில்லை.
கவிழ்த்துத் தார் பூசி
தார் காய்வதற்குள் கிரானைட் தூளை இறைத்தார்கள்.
உள்ளே இரண்டு பேர்.
முன்கால் திம்மராயன், சண்டைக்காரன்.
பின்காலுக்கு வந்த மூன்று ஆண்கள்
சூட்டில் மயங்கி விழுந்த பிறகு
மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஆள் அனுப்பினார்கள்:
கொதிகலன் பக்கம் நிற்பது யார்?
நான்.
பத்தொன்பது வயது. இருபத்தைந்து ரூபாய்,
ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம்.

பின்னால் இருப்பவளுக்கு
உலகம் என்பது முன்னால் இருப்பவனின் இடுப்பு.
அப்புறம் பீடி நாற்றம்.
சோத்தாங்கால், பீச்சாங்கால் என்று அவன் சொல்லச் சொல்ல
எடுத்து வைத்தேன்.
ஒரு ஊரையே நான் மிதித்து அழித்தேன், பார்க்கவில்லை.
அட்டை வீடுகள் நொறுங்குவது
முழங்காலுக்குத்தான் தெரிந்தது.

ரத்தம் மாங்கூழ்.
பீப்பாயில் புளித்தது, சும்மா கொடுத்தார்கள்.
பீரங்கி வெடித்து மஞ்சள் வழிந்ததும்
எங்கிருந்தோ தேனீ.
அன்றைக்கு ஆமை துடித்த துடிப்பை
இப்போது நடிப்பு என்கிறார்கள்.
திம்மராயன் கழுத்தில் ஏழு கொடுக்கு.

சரி, பதினோரு நொடி.
ஆமை மதகுக்கு வருகிறது, தலையைத் தூக்குகிறது,
நிற்கிறது.
தான் பிறந்த பாறையை நினைத்துக்கொண்டது
என்கிறான் நிதர்சன்.
சென்னையில் ஒருத்தி
நீரின் முன் கல்லின் தயக்கம் என்று எழுதி
டாக்டர் பட்டமே வாங்கிவிட்டாளாம்.

சொன்னேன்:
அஞ்சு மணிச் சங்கு.
ஃபேக்டரியில் அது ஊதினால்
டின் பாதி நிறைந்திருந்தாலும் கை நிற்கும்.
அன்றைக்குக் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது.
டேம் வரைக்கும் கேட்டது.
என் கால் நின்றுவிட்டது.
திம்மராயன் இழுக்கிறான்,
ஆமையின் பின்பாதிக்கு ஷிஃப்ட் முடிந்துவிட்டது.
அவன் தெலுங்கில் திட்டியதையும் சங்கையும்
டப்பிங்கில் எடுத்துவிட்டார்கள்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "பிரமாதம்மா. இன்னொரு தடவை.
லாரி ஹாரன் விழுந்துவிட்டது."
இரண்டாம் தடவை காற்றை விட்டுவிட்டேன்.
மூன்றாம் தடவை
எனக்கே பொய் மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் மூன்று முறை பார்த்தேன்.
பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.
என் பெயர் அதில் இல்லை என்பது
படிக்கத் தெரியாததால் தெரியாது.
அறிவொளிக்கு அடுத்த வருஷம் போனேன்.
படத்தைப் பார்த்துவிட்டு அல்ல.

நிதர்சனின் படத்தை
ராயக்கோட்டை ரோடு மண்டபத்தில் போட்டார்கள்.
வால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள் பையன்கள்.
ஆமைக்கு ஏது அவ்வளவு வால்.
நான் நாற்பது நொடி வருகிறேன்,
மூன்றாம் தடவை சொன்னது.
கடைசியில் பெயர்கள்.
எழுத்துக் கூட்டுவதற்குள் ஓடிவிடுமோ என்று
நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

முன்கால்கள்: சென்னம்மா.
பின்கால்கள்: திம்மராயன்.

சூளகிரிப் பக்கம் லாரி கவிழ்ந்து
அவன் போய்ப் பன்னிரண்டு வருஷம்.
இருந்திருந்தால்
மண்டபத்தை இரண்டு பண்ணியிருப்பான்.
எப்படி இருந்தது என்று ஓடிவந்து கேட்டான் நிதர்சன்.
நன்றாக இருந்தது என்றேன்.
பாயசத்தைக் குடித்துவிட்டு
எட்டே கால் பஸ்ஸைப் பிடித்தேன்.
முன் சீட்டு காலியாக இருந்தது.