கடைசி ரேஸ்

குதிரையைப் பார்க்காதீங்க அண்ணே என்பான் ஸ்டெனிஸ்லாஸ்,
துண்டு எழுதுற கையைப் பாருங்க.
என்னைவிட ஒன்பது வயது இளையவன்.
கொட்டாஞ்சேனை புக்கிக் கடையில்
கம்பிக் கூண்டுக்குள் காசு எண்ணியவன்.

டீவியில் இங்கிலாந்து மழை.
இங்கே ஃபேனுக்குக் கீழேயும் வேர்வை.
தோத்தவன் அஞ்சாவது ரேஸில்
குதிரைமேல கட்டுறதில்ல,
முதல் நாலு ரேஸின்மேல கட்டுறான்.

மூக்கு நுனியில தோத்தா
உடனே எழும்பி வீட்டுக்குப் போங்க.
‘கிட்ட வந்துட்டுது’ என்று மனசு சொல்லும்.
அந்தச் சொல்லுக்குத்தான் வட்டி கூட.

அந்த வருசம் மகளின் டியூஷன் காசு
ஒருமுறையும் தவறவில்லை.

டெங்கு. நாலே நாள்.
மாதம்பிட்டியில் மண் போட்டுத் திரும்புகையில்
அவன் தங்கச்சி ஒரு துண்டை நீட்டினாள்,
சட்டைப் பையில் கிடந்ததாம்.
கடைசி ரேஸ். முப்பத்து மூன்றுக்கு ஒன்று.
வின் மட்டும், பிளேஸ் இல்லை.
அவனுடைய கோழிக்கிறுக்கல்தான்.

முடிவைத் தேடிப் பார்த்தேன்.
இரண்டாவது.
ஒரு கழுத்துத் தூரம்.

கிட்ட வந்துட்டியேடா என்றேன்,
பஸ் தரிப்பில், சத்தமாகவே.
யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.
வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது.
ஏறவில்லை.