டோக்கன் எழுபத்து நாலு

முதுகில் எட்டு போட்டு ஓடியவனுக்கு
இவ்வளவு பெரிய நம்பர் இதுதான் முதல் தடவை.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே வாசல்.
பக்கத்தில் திமிரிக்காரர்:
"வண்டியில விழுந்தியாப்பா?"
ரக்பி என்றேன்.
"கபடி மாதிரியா?"
மாதிரிதான்.
மூச்சை மட்டும் பிடிக்கத் தேவையில்லை,
அதுவே போய்விடும்.

பாலாற்று மணலில் விழப் பழகினேன்.
மணலை லாரிகள் கொண்டுபோன பிறகு
கட்டாந்தரையில்.
அப்புறம் மும்பையில், சம்பளத்துக்கு.

நாலு வருஷம் கேப்டன்.
நடுவரிடம் பேச எனக்கு மட்டும்தான் அனுமதி.
பதினைந்து பேர் கெட்ட வார்த்தையை
வாய்க்குள்ளேயே கழுவித்
துடைத்து நீட்டுவேன்:
"சார், ஒரு சின்ன சந்தேகம்."

ஒப்பந்தக் கடிதம் இந்த வருஷம் வரவில்லை.
அதைக் கேட்க
எந்த நடுவரிடம் போவது?

"ஜெபசீலன், முப்பத்து மூணு!"
தோளைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி நிற்கிறேன்.
யாரும் மோதி வரவில்லை.
கால்கள் அதை நம்பாமல்
தாமாக அகன்று ஊன்றுகின்றன.

உள்ளிருந்து ஒரு பெண் குரல்:
"மூச்சை இழுத்துப் பிடிங்க.
விடாதீங்க.
விடாதீங்க."

திமிரிக்காரரே,
கபடிதான்.