மழைக்கு மறுநாள்

நேற்றிரவு பீஷான் பூங்காவில் சைரன் ஊதியது.
கோப்பி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான்.

இன்று காலை கல்லாங் ஆறு
கணுக்கால் அளவுதான்.
என் தோளுயரக் கிளையில் மட்டும்
யாருடைய ரப்பர் சிலிப்பரோ தொங்குகிறது.

புல் புல்லாக மோந்து
வெள்ளம் ஏறிய கோட்டைக் கண்டுபிடித்து
அதன் வழியே இழுக்கிறான்.
பாதை வேறு பக்கம் போகிறது.

முன்பு இங்கே நேராக ஒரு சிமெண்ட் கால்வாய்.
உடைத்த துண்டுகளைக் கரையில் அடுக்கி
ஆற்றை நெளியவிட்டார்கள்.
காப்பகத்தில் பிறந்த இவனுக்கு அதெல்லாம் தெரியாது.

தாண்டுகற்களில் ஐந்தாவதில் நின்றுவிட்டான்.
எதிர்க்கரையில் மூன்று நீர்நாய்கள்.
வாயில் மீன்,
கழுத்தில் வாரில்லை,
பெயரில் பாதி சொந்தம்.

குரைப்பான் என்று பிடியை இறுக்கினேன்.
உட்கார்ந்துவிட்டான்.

எட்டரைக்கு எனக்கு ஷிப்ட்.
கல்லைவிட்டு இறங்கி அவனருகே நிற்கிறேன்,
காலணிக்குள் மெல்ல
ஆறு ஏறுகிறது.