கரியர் முட்டத் தண்ணி

பாலியாற்றின் பதிவேட்டில்
பத்தொன்பது மாரிகள் இல்லை.
ஆறு ஓடியது, அளவுகோல்தான் இல்லை.
வாசித்த தேவசகாயம்
மடுப்பக்கம் போய், பிறகு எங்கேயோ.

அயல் ஆற்றைக் கொண்டு நிரப்பு என்கிறது கொழும்பு.
நிரப்பலாம்.
அயல் ஆற்றிலும் அதே ஆண்டுகள் வெள்ளை.

ஆகவே சைக்கிளோடு ஆற்றைக் கடந்தவர்களைத்
தேடிப் போனேன்.
தொண்ணூற்றேழு மார்கழி?
"கரியர் முட்டத் தண்ணி தங்கச்சி,
அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு."
வெள்ளாங்குளம் மரியநாயகம்.
அதே சைக்கிளை அளந்தேன்: இரண்டடி ஏழங்குலம்.
இன்னும் ஓடுகிறது, பெல் மட்டும் புதிது.

தொண்ணூற்றொன்பது?
"கழுத்தளவு."
யாருடைய கழுத்து என்று கேட்க வேண்டியிருந்தது.
கழுத்துக்குரியவர் இல்லை.
தம்பியை நிறுத்தி அளந்து
இரண்டங்குலம் கூட்டினோம்.
(அந்த இரண்டங்குலத்துக்கு
என்ன பிழைவீச்சு போடுவது?)

கால் நனையாமல் கடந்த வருடங்களை
ஒருவரும் சொல்லவில்லை.
ஞாபகம் பெருக்கை மட்டும் பதியும் கருவி.
அந்தச் சாய்வுக்கும் ஒரு திருத்தம்.

பிறகுதான் பெரிய தொல்லை.
பழைய நாற்பது ஆண்டுகளும்
புதிய பன்னிரண்டும்
ஒரே ஆற்றினுடையவை அல்ல போலிருக்கிறது.
நூறாண்டுக்கு ஒருமுறை என்று
எங்கள் கந்தோர் எழுதிவைத்த வெள்ளம்
என் மகள் ஐந்தாம் வகுப்புக்கு வருமுன்
மூன்று தரம் வந்துபோனது.
நடுவில் ஒரு வருடம்
ஐப்பசி நனையாமலே தை பிறந்தது.
சராசரி மட்டும் அசையவில்லை:
வெள்ளமும் வரட்சியும் ஒன்றையொன்று கழிக்க
குழப்படி தெரியாத பிள்ளைபோல
நடுவில் நிற்கிறது.

நிச்சயமின்மையை வரைபில் சாம்பலால் தீட்டுவோம்.
வலப்பக்கம் போகப் போக அது விரிகிறது,
ஆறு கடலைக் காணும் இடம்போல.

குளக்கட்டை மூன்றடி உயர்த்தலாமா என்ற கூட்டத்தில்
அதைத் திரையில் போட்டேன்.
மின்விசிறிச் சத்தம்.
குணமணி எழும்பினார். மூன்று ஏக்கர், வாய்க்கால் கடைசி.
"மிஸ், சாம்பலுக்குள்ள எந்த இடத்தில விதைக்கிறது?"
சிரித்தார்கள். நானும்.

மேல்விளிம்பில் ஓடினால் தொள்ளாயிரம் ஏக்கர் கூடும்.
கீழ்விளிம்பில் இருநூற்றுப் பத்து.
நடுவில் ஐந்நூற்றைம்பது என்று எழுதினால்
தேநீருக்குமுன் கூட்டம் முடியும்.

படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.
இரண்டு எண்களையும் நெருக்கி எழுதினேன்.
செயலாளர் முகம் சுளித்தார்.
குணமணி மட்டும் மேசைக்குக் கிட்ட வந்து
கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்:

"இந்த இருநூற்றுப் பத்துக்குள்ள
என்ர மூண்டும் வருமோ?"